பார்க் அடித்துவிட்டுத்தான் அணைத்தார்

நேற்று, சனிக்கிழமை, தேக்கா சாப்பாட்டுக் கடையில் என்னை உட்கார வைத்து நெய்தோசை வாங்கிக் கொடுத்தீர்கள். நன்றி. சட்னி நன்றாகவே இருந்தது. ஆனால் பாதி தோசையில் இளம் எஞ்சினியர்களான உங்களில் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "சார், இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்க, மண்டே அனுப்பணும்" என்றாரே, அதைப் படித்த பிறகு மீதி தோசை இறங்கவில்லை. ஒரு கிடங்கில் சர்வர் நின்றுபோனது பற்றிய அறிக்கை. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி மின்சாரத்தை அணைத்துவிட்டாராம். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: யூசர் எரர்.

தோசை வாங்கிக் கொடுத்தவர்களை அதே மேசையில் வைத்துத் திட்டுவது மரியாதை இல்லை. அதனால் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, ஆற அமர எழுதித் திட்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்ல எஞ்சினியர். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஓடாது என்று எழுதிக் கொடுத்த இயந்திரங்களையெல்லாம் ஓட வைத்தவன். தன்னடக்கம் தேடுகிறவர்கள் வேறு யாரிடமாவது போகலாம். அப்படிப்பட்ட நானும் 'யூசர் எரர்' என்று ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறேன். எழுதியதைத் திருப்பி வாங்கிய கதைதான் இது.

தொண்ணூறுகளில் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு நாங்கள் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒர்க்ஸ்டேஷன் கணினி ஒன்றை விற்றோம். துறைமுகத்திலிருந்து வரும் தகவல்களை வாங்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அவர்களுடைய பிழைப்பே டாஸ் என்ற பழைய கறுப்புத்திரை இயங்குதளத்துப் புரோகிராம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் எந்தக் கண்டெய்னரை எந்த இடத்தில் அடுக்குவது என்று திட்டம் போடும் புரோகிராம். தீப்பிடிக்கும் சரக்கையும், அதோடு சேர்ந்தால் நெருப்பை ஊதிவிடும் ரசாயனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இடம் திரையில் சிவப்பாக மாறும். அதை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. மாற்றி எழுத ஆளில்லை, மேசையில் இரண்டு கணினி வைக்க இடமும் இல்லை.

அதற்காகத்தான் ஒரு கார்டு வந்தது. ஒரு சின்னப் பலகைக்குள் முழு பிசி: தனி ப்ராசஸர், தனி மெமரி. யூனிக்ஸ் இயந்திரத்தைத் திறந்து உள்ளே செருகினால், யூனிக்ஸ் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும், அதற்குள் டாஸ் ஓடும். ஹார்ட் டிஸ்க் மட்டும் கார்டில் கிடையாது. டாஸ் தன்னுடைய சி டிரைவ் என்று நம்பிக்கொண்டிருப்பது, யூனிக்ஸ் டிஸ்க்கில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய கோப்பு. இன்று நீங்கள் விர்ச்சுவல் மெஷின் என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, அதற்கு இது பெரியப்பா முறை.

கண்டெய்னர் திட்டம் போடும் வேலையைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தவர் ஹமீதா அக்கா. முதல் ஐந்து வருடம் காகிதமும் பென்சிலும், அடுத்த பத்து வருடம் டாஸ். புக்கிட் மேராவில் வீடு. மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் லிம் எல்லார் முன்னாலும் அறிவித்திருந்தார்: மூன்று மாதம் பார்ப்பேன், புதிய இயந்திரத்தில் பழகாதவர்கள் கவுண்டருக்குப் போக வேண்டியதுதான், யூனிக்ஸ் தெரிந்த இளையவர்களை எடுத்துக்கொள்வேன். கவுண்டர் என்றால் பாதிச் சம்பளம். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தம்பி, இந்த எலியைப் பிடிச்சு ஓட்டுறதெல்லாம் எனக்கு வராது," என்றார் அக்கா முதல் நாளே. "என் கறுப்பு ஸ்கிரீனை மட்டும் கொடுத்துடுங்க. எந்த மெஷின்னாலும் நான் ஓட்டிக்கிறேன்."

கொடுத்தேன். சாதாரணமாக அல்ல, அமர்க்களமாகக் கொடுத்தேன். டாஸ் ஜன்னலைத் திரை முழுக்க விரித்தேன். ஓரத்து விளிம்பை எடுத்தேன். இயந்திரத்தைப் போட்டால் நேரே கறுப்புத் திரை, மூலையில் கட்டளைக்குக் காத்திருக்கும் சி பிராம்ப்ட் மின்னும். யூனிக்ஸ் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் மறைத்தே காட்டினேன். அக்கா உட்கார்ந்து நாலு கீயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என் பழைய மெஷினேதான் லா" என்றார். லிம் என் முதுகில் தட்டினார். இது ஒழுங்காக ஓடினால் இன்னும் எட்டு மேசைக்கு வாங்குவதாகவும் சொன்னார். அந்த எட்டு மெஷினின் மேல் என்னுடைய பதவி உயர்வு உட்கார்ந்திருந்தது.

கையேடும் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: மின்சாரத்தை அணைக்கும் முன் யூனிக்ஸை முறைப்படி ஷட்டவுன் செய்யவும். எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் நானே வந்து ஷட்டவுன் செய்துவிடுவேன், அல்லது இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிடுவோம். அலுவலக நேரத்தில் இடியும் வரவில்லை. ஆகவே ஏழு வாரம் ஒரு குறையும் இல்லை.

எட்டாவது வாரம் ஒரு மதியம் வானம் இருட்டியது. இந்த ஊர் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது இடிக்காது, அறையும். நான் அதே மாடியின் மறுகோடியில், வரப்போகும் எட்டு மேசைகளுக்குக் கேபிள் அளந்துகொண்டிருந்தேன். மழை விட்டு அரை மணி நேரம் கழித்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, கறுப்பு வரல. வெள்ளையா வந்து ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கு."

போய்ப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் யூனிக்ஸ் நின்றுகொண்டு, டிஸ்க் குழம்பியிருக்கிறது, கையால் சரிசெய்யவும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. இடி இடிச்சுது, எப்பவும்போல சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கை உருவிட்டேன். மழை விட்டதும் போட்டேன்."

எப்பவும்போல. இடி இடித்தால் பிளக்கை உருவுவது இந்த ஊரில் நம்மவர்கள் வீடுகளில் குழந்தையிலிருந்தே வரும் பழக்கம். என் அம்மா டிவிக்கும் அப்படித்தான் செய்வார். டாஸுக்கு அது பாதகமே இல்லை. வேலையைச் சேமித்து, வெளியே வந்து, சி பிராம்ப்டைப் பார்த்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். யூனிக்ஸ் வேறு ஜாதி. எழுத வேண்டியதை மெமரியில் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் சௌகரியத்துக்குத்தான் டிஸ்க்கில் இறக்கும். நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதியது பாதியில் நிற்கும். அக்காவின் சி டிரைவ் முழுவதும் அந்த டிஸ்க்கில் ஒரே கோப்பு. அது போனால் எல்லாம் போச்சு. மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ் கேட்டிருந்தேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். இருந்திருந்தாலும் அதையும் சேர்த்தே உருவியிருப்பார் அக்கா.

மணி இரண்டரை. ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்குத் திட்டம் போக வேண்டும். ஆறு மணிக்குக் கப்பலில் சரக்கு ஏற ஆரம்பிக்கும். முன்பக்கத்து இரண்டு வரிசைகளில் அன்று பெயிண்ட் தின்னரும் நீச்சல் குளத்துக் குளோரினும் போகின்றன. அவற்றைத் தப்பாக அடுக்கினால் கப்பலே தீப்பிடிக்கலாம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அக்கா கேட்டார்.

"பத்து நிமிஷம்க்கா."

பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டினேன். அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: இந்தக் கோப்பு சிதைந்திருக்கிறது, அழிக்கவா? இது யாருடையது என்று தெரியவில்லை, அழிக்கவா? ஆம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடம் கழித்து லிம் வந்து கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அவர் போனதும் அக்கா மறுபடி கேட்டார். அதே பத்து நிமிடத்தை மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, உங்க பத்து நிமிஷம் எனக்கு வேணாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நான் போர்ட்டுக்குப் போன் போடணும்."

"தெரியலக்கா," என்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு வாடிக்கையாளரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவர் போனை எடுத்தார். எதிர்முனையில் இருந்த ஆளிடம் பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில், எங்கள் மெஷின் படுத்துவிட்டது என்று மறைக்காமல் சொன்னார். காலையில் அனுப்பிய பட்டியல்படி பின்பக்கத்து வரிசைகளை முதலில் ஏற்றுங்கள், அதில் ஆபத்தான பெட்டி ஒன்றும் கிடையாது, முன்பக்கத்து இரண்டு வரிசையை மட்டும் நான் சொல்லும் வரை தொடாதீர்கள் என்றார். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. ஐந்து மணி கெடு ஏழரையாகிவிட்டது. பிறகு இழுப்பறையிலிருந்து கட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் எடுத்து, அந்த இரண்டு வரிசைகளையும் ஞாபகத்திலிருந்து வரைய ஆரம்பித்தார்.

நான் திரைக்குத் திரும்பினேன். இப்போது ஒரு வித்தியாசம் இருந்தது. என் கழுத்தில் பத்து நிமிடம் தொங்கவில்லை. கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தேன். பதினொரு கேள்விக்கு ஆம் என்று தட்டிய விரல் பன்னிரண்டாவதுக்கும் தானாகவே போய்விட்டது, எண்டரை மட்டும் அழுத்தவில்லை. சிதைந்த கோப்பு, அழிக்கவா என்ற கேள்விக்குப் பக்கத்தில் அதன் அளவு இருந்தது. அந்த எண் எனக்குத் தெரிந்த எண். ஏழு வாரத்துக்கு முன்னால் அக்காவின் சி டிரைவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று யோசித்து நானே டைப் செய்த எண் அது.

தட்டியதை அழித்துவிட்டு, இல்லை என்றேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஏர்கண்டிஷனர் என் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

கோப்பு தப்பியது. பெயரை இழந்து வெறும் எண்ணாகக் கிடந்ததை எடுத்து, பழைய பெயர் வைத்துப் பழைய இடத்தில் போட்டேன். நாலே முக்காலுக்குக் கறுப்புத் திரை வந்தது. காலையில் செய்த வேலை இருந்தது, மதியம் செய்தது இல்லை. அக்கா பென்சில் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார். ஒரு கட்டமும் சிவப்பாகவில்லை. ஆறரைக்குத் திட்டம் போயிற்று, கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது.

இத்தோடு கதையை நிறுத்தினால் நான் வீரன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். காரணம்: யூசர் எரர். பயனர் ஷட்டவுன் செய்யாமல் மின்சாரத்தை அணைத்தார். இணைப்பு: கையேட்டின் மூன்றாம் பக்கம். அதில் ஒரு எழுத்தும் பொய் கிடையாது. எழுதும்போது எனக்கு எட்டு மெஷின்தான் கண்ணில் நின்றது, அக்காவின் கவுண்டர் நிற்கவில்லை. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை லிம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என் அறிக்கையைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"சுவிட்சை ஆஃப் பண்ணியது நீங்களா?"

"ஆமா. நான்தான் ஆஃப் பண்ணேன். இடி இடிச்சுது லா."

"மூன்றாம் பக்கம் படித்தீர்களா?"

"இல்லை."

அக்கா சாக்குச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் கைப்பையை வைத்து, அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். லிம் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கவுண்டருக்கு மாற்றும் தாள் ஏற்கனவே டைப் ஆகி மேசையில் இருந்தது, தலைகீழாக என்னால் படிக்க முடிந்தது.

நேற்று பத்து நிமிடம் என்று நான் மூன்று முறை புளுகியபோது இந்தப் பெண்மணி என் மேல் பழி போட்டிருக்கலாம். போனில், எஞ்சினியர் சொதப்பிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் மெஷின் என்றுதான் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அந்த அறிக்கை தப்பு. திருப்பிக் கொடுங்கள்," என்றேன்.

"எது தப்பு? அணைத்ததாக அவரே சொல்கிறாரே."

"ஒரு நிமிடம் வாங்க சார். கையேட்டையும் எடுத்துக்குங்க."

அக்காவின் மேசைக்கு அழைத்துப் போய் அவருடைய நாற்காலியில் லிம்மை உட்கார வைத்தேன். மூன்றாம் பக்கத்தை விரித்து முன்னால் வைத்தேன். இதில் சொல்லியபடி முறையாக ஷட்டவுன் செய்யுங்கள் என்றேன். கறுப்புத் திரையில் சி பிராம்ப்ட் மின்னிக்கொண்டிருந்தது. லிம் ஷட்டவுன் என்று டைப் செய்தார். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று டாஸ் பதில் சொன்னது. எக்ஸிட் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. எலியை நகர்த்தினார். பக்கத்தைப் புரட்டி முன்னும் பின்னும் பார்த்தார். மாடியில் இருந்தவர்கள் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்தார்கள்.

"யூனிக்ஸ் எங்கே இருக்கு?" என்று லிம் கேட்டார்.

"நான் ஒளிச்சு வச்சுட்டேன் சார். அவங்க பயப்படக் கூடாதுன்னு. இது டாஸ் மெஷின்னு அவங்களை நம்ப வச்சது நான். டாஸ் மெஷினை எப்படி அணைக்கணுமோ அப்படித்தான் அவங்க அணைச்சாங்க."

லிம் எழுந்து தன் அறைக்குப் போனார், மாற்றும் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எட்டு மெஷின் நான்காகச் சுருங்கியது. என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது. அக்காவின் மெஷினிலும் அந்த நான்கிலும் டாஸ் ஜன்னலைச் சுருக்கி, கீழே நான்கு விரல் அளவுக்கு யூனிக்ஸ் தெரியும்படி வைத்தேன். அங்கே பெரிய பட்டன் ஒன்று. அழுத்தினால் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடி, இப்போது பிளக்கை உருவலாம் என்று சொல்லும். பட்டனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "இடின்னு வைங்க" என்றார். ஆங்கிலத்தில் இடி என்று எழுதி வைத்தேன். அந்த எலியையும் அக்கா அந்த ஒரு பட்டனுக்காகப் பழகிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் அந்தப் பட்டனைப் பற்றித்தான் எனக்குத் திமிர் அதிகம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மதியம் நான் புதிய அறிக்கை எழுதி, லிம்மிடம் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் ஓடும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். காரணம்: திரை அமைப்பு பயனரிடமிருந்து இயந்திரத்தின் உண்மை நிலையை மறைத்தது. அமைத்தவர்: என் பெயர். இது போதும், இனி அக்கா நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் சரி தம்பி," என்றார். "ஒண்ணை விட்டுட்டீங்க."

"எதைக்கா?"

"இங்க பாருங்க, யூசர் சுவிட்ச் ஆஃப் பண்ணாங்கன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. நான் சும்மா ஆஃப் பண்ணல. சேவ் பண்ணேன், வெளிய வந்தேன், பார்க் அடிச்சேன். அப்புறம்தான் ஆஃப் பண்ணேன். பத்து வருஷத்துல ஒரு நாள்கூட பார்க் அடிக்காம நான் அணைச்சதில்ல. அதை எழுதுங்க."

பார்க் உங்களுக்குத் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் அணைப்பதற்கு முன் அந்தக் கட்டளையை அடிக்க வேண்டும். படிக்கும் முனை தட்டில் உரசாமல் ஓரமாக ஒதுங்கி நிற்கும். பலர் அடிக்க மாட்டார்கள், சோம்பேறித்தனம். கவனமானவர்கள்தான் அடிப்பார்கள். ஆனால் அந்தக் கார்டில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. இல்லாத டிஸ்க்கை ஏழு வாரமாகத் தினமும் வேலை முடிந்ததும் பத்திரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார் அக்கா. அதை விளக்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

டைப் செய்தேன்: பயனர் வேலையைச் சேமித்து, புரோகிராமை விட்டு வெளியேறி, பார்க் கட்டளை கொடுத்த பிறகே மின்சாரத்தை அணைத்தார். அக்கா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். கைப்பையைத் திறந்து தன் பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே கீழே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் அறிக்கையில் அந்தக் கிடங்குப் பெண்மணியின் பெயர்கூட இல்லை. அணைப்பதற்கு முன்னால் அவர் என்னென்ன செய்தார் என்றும் இல்லை. திங்கட்கிழமை அனுப்பாதீர்கள். போய் அவரைக் கேளுங்கள்.